சேர வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னவர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், மலாக்கா பட்டணத்தில் ஒரு தனியார் பயிற்சிக் கல்லூரியின் மாடி அறையில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. இடது காலில் இரும்புத் தகடு, சட்டைப் பைக்குள் சேமிப்பு முழுவதும், கையில் பளபளப்பான விளம்பரத் தாள். அன்று அங்கே ஒரு சேர்க்கைப் பாரத்தில் கையெழுத்துப் போடத்தான் போனேன். போடாமல் தடுத்தவர், அந்தக் கையெழுத்துகளை வாங்குவதற்காகவே சம்பளத்துக்கு வைக்கப்பட்டிருந்த ஒரு பெண்.

நான் பிறந்தது நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தேன். இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை தாக்குப்பிடித்தேன். மேலே படிக்க வேண்டாம் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஓரிடத்தில் உட்கார முடியாது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டினேன். உரம் ஏற்றும் லாரியில் உதவியாளாக ஜொகூர் எல்லை வரை சுற்றினேன். தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஓட்டலில் பானை கழுவினேன். அங்கே வந்தவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு பசியாறினார்கள், நான் எட்டு மாதமும் தொட்டிக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலைக் கட்டுமான வேலை. சாரம் கட்டும் கூட்டத்தில் சேர்ந்தேன். அங்கேதான் அதிக நாள் நின்றேன், பதினான்கு மாதம். பதினைந்தாவது மாதம் மழை விட்ட ஒரு காலையில், நானே கட்டிய பலகையில் நானே வழுக்கி விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிற்று.

மருத்துவமனையில் பல வாரம் படுத்திருந்தேன். நின்ற இடத்தில் நிற்காதவனைக் காலைத் தூக்கிக் கட்டிப் படுக்கவைத்தால் என்ன செய்வான்? கண்ணில் படுவதையெல்லாம் கேள்வி கேட்பான். ஒரு நாள் கோப்புகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு குமாஸ்தா வந்தார். முன்பொரு முறை நான் வந்திருந்தபோது போட்ட கோப்பும் அதில் இருந்தது. முதல் பக்கத்தில் டாக்டரின் எழுத்துக்குப் பக்கத்தில் வேறொரு மையில் எண்கள் இருந்தன. என்ன எண் என்று கேட்டேன்.

"அது ஒங்களோட அப்பத்த காய்ச்சலு. நீங்க வீட்டுக்குப் போன பெறகு இந்தத் தடவைக்கும் போடுவோம். ஒரு நம்பரு காலுக்கு. ஒரு நம்பரு விழுந்ததுக்கு."

"விழுந்ததுக்குமா?"

"ஆமா. சாரத்துலேருந்து விழுந்தா ஒரு நம்பரு. மரத்துலேருந்து விழுந்தா வேற நம்பரு. மோட்டார்லேருந்து விழுந்தா வேற. எங்க விழுந்தீங்கன்னு ஒழுங்கா சொல்லுங்க, தப்பா போட்டுடப் போறோம்."

அவர் சிரித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அந்த விஷயம் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சாரத்திலிருந்து விழுவதற்கென்றே உலகம் முழுவதற்கும் பொதுவாக ஓர் எண் வைத்திருக்கிறார்கள் என்றால், எனக்கு முன்னால் எத்தனை பேர் விழுந்திருக்க வேண்டும். அதை ஒருவர் உட்கார்ந்து படித்து, சரியான எண்ணைத் தேடி எழுதுகிறார். அப்படி எழுதினால்தான் எந்த ஊரில் எந்த நோய் கூடுகிறது என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியும் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். காப்புறுதிக்காரர்களும், அதாவது இன்சூரன்ஸ்காரர்களும், அந்த எண்ணைத்தான் கேட்பார்களாம். எனக்குப் பொழுதுபோக்கு கிடைத்துவிட்டது. வார்டுக்குள் யாரைத் தள்ளிக்கொண்டு வந்தாலும், 'இவருக்கு எந்த எண் போடுவார்கள்' என்று யோசிக்க ஆரம்பித்தேன். செம்பனைக் காட்டில் பாம்பு கடித்து ஒருவர் வந்தார். மைத்துனர் கல்யாணத்தில் நாற்காலி முறிந்து விழுந்து இன்னொருவர் வந்தார். நாற்காலிக்கு எண் இருக்குமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிற்பாடு தெரிந்தது, இருக்கிறது.

காலை ஊன்றி நடக்கத் தொடங்கியபோது டாக்டர் சொல்லிவிட்டார், இனி உயரத்தில் ஏறும் வேலை கிடையாது, பாரம் தூக்கவும் கூடாது. எனக்குத் தெரிந்த வேலையெல்லாம் இந்த இரண்டுக்குள் அடக்கம். ஆகவே அந்த எண் போடும் வேலையைக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். எங்கே கற்றுக்கொடுக்கிறார்கள், எதைப் பார்த்துச் சேர்வது என்று ஒன்றும் தெரியாது. பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. கணினி, செயலாளர் பயிற்சி, கணக்கியல் என்று நீண்ட பட்டியலில் கடைசியாக, மருத்துவப் பதிவும் குறியீடும், ஒரு வருடம், டிப்ளோமா என்று போட்டிருந்தார்கள். எழுதிக் கேட்டதும் தாள் அனுப்பினார்கள்.

அதைத் தோட்டத்தில் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். அக்கா புருஷன் டிராக்டர் ஓட்டுகிறவர். தாளை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"மச்சான், பேப்பரே இந்தக் கனம் இருக்கு. இந்த ஆளப் பாரு, படத்துலயே டை கட்டியிருக்கான். ஏர்கோன் வேற. யோசிக்காம சேந்துடு."

அக்கா சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டே என்னைப் பார்த்தது.

"எடம் எப்படி இருந்தா என்னா. இவன் பாதியில ஓடாம இருப்பானா, அதக் கேளுங்க."

"இந்தக் கால வச்சிக்கிட்டு எங்கக்கா ஓடுறது?"

"ஓடுறவனுக்குக் காலா முக்கியம்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னது. ஆனால் அது சொன்னது சரி. இந்த ஒரு தடவை தப்பான இடத்தில் சேர்ந்தால் மறு தடவைக்கு என்னிடம் எதுவும் இல்லை. லாரிக்கும் போக முடியாது, சாரத்துக்கும் போக முடியாது.

மறு வாரமே பஸ் ஏறி மலாக்காவுக்குப் போனேன். கல்லூரி மூன்றாவது மாடியில் இருந்தது. படியேறி முடித்தபோது கால் விண்விண் என்று தெறித்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே குளுகுளுவென்று காற்று, மெத்தை நாற்காலி. மச்சான் கணிப்பு சரிதான் என்று நினைத்தேன். ஒரு மேசைக்குப் பின்னால் இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதில் நம் தமிழ்ப் பெண் ஒருவர் இருந்தார். அவருக்குப் பக்கத்திலேயே, கையை நீட்டினால் தொடும் தூரத்தில், டை கட்டிய மேலாளர். கோலாலம்பூரிலிருந்து புதிதாக வந்தவராம். நல்ல மனிதர். நான் நொண்டி வருவதைப் பார்த்ததும் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். குளிர்பெட்டியிலிருந்து ஒரு பெட்டி சோயாப் பால் எடுத்துக் கொடுத்தார்.

நான் வந்த காரியத்தைச் சொன்னதும் மேலாளர் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில், தமிழிலேயே விளக்கிச் சொல், அப்போதுதான் அவருக்கு நிறைவாக இருக்கும் என்றார். அந்தப் பெண் விளம்பரத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். முகம் நிறையச் சிரிப்பு. கணினி அறையின் படத்தில் விரலை வைத்தார்.

"அண்ணே, நான் சிரிச்சிக்கிட்டே பேசுவேன். நீங்களும் சிரிச்ச மொகமா கேளுங்க. பக்கத்துல இருக்கிறவருக்குத் தமிழ் தெரியாது. ஆனா நம்ம பேச்சுல கலக்குறோமே, அந்த வார்த்தையெல்லாம் தெரியும். அதனால கலக்காம பேசுறேன். புரியுதா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் சிரித்தேன்.

"இங்க சேராதீங்க."

சோயாப் பால் தொண்டையில் நின்றது. அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மேலாளரும் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். மரியாதைக்கு நானும் அவருக்குத் தலையாட்டினேன்.

நம் ஊரில் தமிழ் பேசுகிறவர்களுக்குத் தெரியும், கலக்காமல் பேசுவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று. இரண்டு சொல்லுக்கு ஒரு மலாய், மூன்று சொல்லுக்கு ஒரு ஆங்கிலம் என்றுதான் நமக்கு வாயில் வரும். பஸ், ஓபிஸ், பாசார், லோரி என்று அள்ளி விடுகிறவர்கள் நாம். அந்தப் பெண் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்துப் பேசினார். கேட்பதற்கு வானொலிச் செய்தி மாதிரியும் இருந்தது, சின்னப் பிள்ளை விடுகதை போடுவது மாதிரியும் இருந்தது.

"இந்தப் படத்துல இருக்கு பாருங்க, இந்தத் தொலைக்காட்சி மாதிரி... பெட்டிங்க. பன்னெண்டு இருக்கு. ஓடுறது மூணுதான். நீங்க கேக்குற பாடத்துக்கு ஆளே இல்ல. இருந்தவரு போயிட்டாரு. தட்டெழுத்து சொல்லிக்குடுக்கிறவங்களே அதையும் பாத்துக்கிறாங்க."

பக்கத்தைப் புரட்டினார். பட்டமளிப்பு அங்கி போட்ட மாணவர்களின் படம்.

"எண்ணு தேடுற புத்தகம் ரெண்டு பாகமா வரும். நோயோட பேர வச்சித் தேடுறது ஒரு பாகம். தேடினது சரியான்னு பாக்குறது ஒரு பாகம். இங்க ஒன்னுதான் இருக்கு. அதுவும் அசல் இல்ல, பாத்து... பாத்து..." அவருக்கு 'போட்டோஸ்டேட்' என்ற சொல்லுக்குத் தமிழ் அகப்படவில்லை. விரலால் மேசையில் மேலும் கீழும் ஒளி ஓடுவதுபோல் காட்டினார். "அது மாதிரி எடுத்தது. தேடுற பாகம் இல்லாம எப்படித் தேடுவீங்க? போன வருசம் முடிச்ச ஆறு பேர்ல ஒருத்தருக்கும் இந்த வேல கெடைக்கல. ஒருத்தி துணிக்கடையில நிக்கிறா."

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவன். அவர் சொன்னது அத்தனையும் புரிந்தது. ஆனால் வாய் இருக்கிறதே. பதற்றத்தில் எனக்கு வந்தது வழக்கமான பேச்சுதான்.

"அப்ப இந்த டிப்ளோமா ஹோஸ்பிட்டல்ல லாக்கு இல்லையா?"

மேலாளரின் தலை சட்டென்று நிமிர்ந்தது. ஒரு சின்ன வாக்கியத்துக்குள் ஆங்கிலம் இரண்டும் மலாய் ஒன்றும் வைத்து, மூன்றையும் அவர் புரிந்துகொள்ளும்படி கேட்டிருந்தேன். 'லாக்கு' என்றால் செல்லுபடியாவது என்று மலாய் பேசும் எவருக்கும் தெரியும். அந்தப் பெண் கண்ணைக்கூட இமைக்கவில்லை. அவர் பக்கம் திரும்பி, டிப்ளோமா மருத்துவமனைகளில் ஏற்றுக்கொள்ளப்படுமா என்று கேட்கிறார் சார் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மேலாளருக்கு ஒரே சந்தோஷம். அருமையான கேள்வி என்று சொல்லி ஐந்து நிமிடம் எனக்கு விளக்கினார். நான் 'யெஸ் சார், யெஸ் சார்' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பக்கத்தில் மிகவும் பவ்வியமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் முடித்ததும் இவர் மறுபடி தாளைப் புரட்டினார்.

"கொஞ்சம் வாய அடக்குங்கண்ணே. நான் சோறு திங்க வேணாமா?"

"மன்னிச்சிக்கங்க தங்கச்சி." அதைத் தமிழில் சொல்லிவிட்டேன் என்பதில் எனக்கே கொஞ்சம் பெருமை.

"பேருந்து நிலையத்துக்குப் பின்னால ஒரு தையக்கட இருக்கு. அதுக்கு மேல. சனிக்கெழம, ஞாயித்துக்கெழம மட்டும். அங்க ஒரு அம்மா சொல்லிக்குடுக்கிறாங்க. நோம்பு இருக்கிற அம்மா. நோயாளிங்க கோப்பெல்லாம் வைக்கிற அறையில பல வருசம் வேல பாத்தவங்க. அங்க பெட்டியும் இல்ல, குளிர் காத்தும் இல்ல. ஆனா ரெண்டு பாகமும் இருக்கு. இங்க முடிச்சதுல ரெண்டு பேரு அங்க போயி மறுபடி மொதல்லேருந்து படிச்சாங்க. அவங்க ரெண்டு பேரும் இப்ப அதே வேலையில இருக்காங்க."

'மலாய்க்கார அம்மா' என்று சொன்னால் மேலாளருக்கு அந்த ஒரு சொல் விளங்கிவிடும் என்பதால்தான் 'நோம்பு இருக்கிற அம்மா' என்றார் என்பது படியிறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஒரு சங்கடம்," என்றார். "அங்க அஞ்சாம் படிவம் முடிச்சிருக்கணும். நீங்க?"

"மூனு."

அவருடைய சிரிப்பு முதல்முறையாகக் கொஞ்சம் ஆடியது. "போயிக் கேட்டுப் பாருங்க. கேக்கிறதுக்கு என்னா."

அதற்குள் மேலாளர் பாரத்தை எடுத்து என் முன்னால் வைத்துப் பேனாவையும் நீட்டிவிட்டார். இன்றே பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்றார். இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படம் வேண்டும் என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் தமிழில், "இல்லன்னு சொல்லுங்க," என்றார். ஆனால் என் கை அதற்குள் சட்டைப் பைக்குப் போய்விட்டது. கேட்டதைக் கொடுத்துப் பழகிய கை. இரண்டு படமும் மேசை மேல் இருந்தன. அதில் நான் டை வேறு கட்டியிருந்தேன், படக்கடையில் இரவல் வாங்கியது.

அந்தப் பெண் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருடைய உதடு துடித்தது, சிரிப்பை அடக்கினாரா அழுகையை அடக்கினாரா என்று சொல்ல முடியவில்லை. எனக்குத் தப்பிக்க ஒரு வழியும் தோன்றவில்லை. கடைசியில் மேலாளரிடம் மலாயில் உண்மையையே சொன்னேன். எங்கள் வீட்டில் அக்காவைக் கேட்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை, போட்டால் வீட்டுக்குள் விடாது என்றேன். இருபத்தேழு வயது ஆள், மீசை வைத்தவன், அக்காவுக்குப் பயப்படுகிறேன் என்று சொன்னதும் மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் வீட்டிலும் அப்படித்தானாம். கையைக் குலுக்கி, அக்காவையும் கூட்டிக்கொண்டு வா என்று வாசல் வரை வந்து விட்டார். அந்தப் பெண்ணிடம் நன்றி என்றுகூடச் சொல்ல முடியவில்லை. படத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

அந்தச் சனிக்கிழமையே தையல் கடையைக் கண்டுபிடித்தேன். மேலே ஓர் அறை. மின்விசிறி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. நீள மேசைகளில் தடித்தடிப் புத்தகங்கள், பள்ளிப் பிள்ளைகள் புத்தகத்துக்குப் போடுவதுபோல் எல்லாவற்றுக்கும் பழுப்புத் தாளில் அட்டை. அந்த அம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் மூன்றாம் படிவம் என்றதும் முடியாது என்று சொல்லிவிட்டார். கோபமாக இல்லை, கடையில் சாமான் இல்லை என்று சொல்வது மாதிரி. நான் நகராமல் நின்றேன். அக்கா சொன்னதற்கு நேர்மாறாக நின்ற முதல் இடம் அதுதான். அவர் என் காலைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார்.

அன்று என்னோடு புதிதாகச் சேர வந்தவர்கள் மூன்று பேர். எல்லாரும் ஐந்தாம் படிவம். அவர் எங்கள் நான்கு பேருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பெயரை வெட்டி எடுத்துவிட்ட பழைய மருத்துவக் குறிப்பு, டாக்டரின் கையெழுத்து. அதில் இருப்பதை அப்படியே தெளிவாக எழுதித் தர வேண்டும், அர்த்தம் தெரிய வேண்டியதில்லை, கால் மணி நேரம் என்றார்.

கோழி கிளறிய மாதிரி எழுத்து. ஆனால் அது எனக்குப் பழக்கம். லாரியில் இருந்தபோது ஒவ்வொரு நாளும் இப்படிப்பட்ட துண்டுச் சீட்டைத்தான் படித்து உரம் இறக்கினோம். எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தேன். இரண்டு சொல் மட்டும் பிடிபடவில்லை. எப்படித் திருப்பிப் பார்த்தும் முடியவில்லை. அந்த இரண்டு இடத்திலும் கோடு போட்டு, 'படிக்க முடியவில்லை' என்று மலாயில் எழுதினேன். மற்ற மூன்று பேர் தாளையும் ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை, முழுவதும் நிரப்பியிருந்தார்கள். போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் என் தாளை எடுத்து, அந்த இரண்டு கோட்டையும் விரலால் தட்டி, இது ஏன் என்று கேட்டார்.

தெரியாததை எழுதக் கூடாது புவான் என்றேன்; மலாய்ப் பெண்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்போம். ஏன் கூடாது என்று மறுபடி கேட்டார். நான் கதையைச் சொன்னேன். லாரியில் சேர்ந்த புதிதில் ஒரு சீட்டில் தோட்டத்தின் பிரிவுப் பெயர் சரியாகத் தெரியவில்லை. லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பினால் திட்டுவார் என்று நானே ஒன்றை ஊகித்து, அவர் எழுந்ததும் வழி சொல்லிவிட்டேன். நூற்றுக்கு மேல் உர மூட்டைகளை இறக்கி முடித்த பிறகுதான் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து, இது எங்களுக்கு இல்லையே என்றார். மழையில் அத்தனை மூட்டையையும் நானே மறுபடி ஏற்றினேன். அன்றிலிருந்து எழுத்து தெரியாவிட்டால் யாரையாவது எழுப்பிக் கேட்பேன், ஊகிக்க மாட்டேன்.

அவர் சிரித்தே விட்டார். மற்ற மூன்று பேரின் தாளையும் எடுத்துக் காட்டினார். நான் கோடு போட்ட இடத்தில் மூன்று பேரும் மூன்று வெவ்வேறு சொல் எழுதியிருந்தார்கள். மூன்றும் தப்பு. இந்த வேலையில் தெரியாதவனால் கெடுதல் இல்லை, தெரிந்த மாதிரி எழுதுகிறவனால்தான் கெடுதல், டாக்டரை எழுப்பிக் கேட்கிற ஆள்தான் எனக்கு வேண்டும் என்றார். மூன்று பேரையும் அவர் அனுப்பிவிடவில்லை, அவர்களையும் சேர்த்துக்கொண்டார். எனக்கு மட்டும் ஒரு நிபந்தனை. ஒரு மாதம் பார்ப்பேன், அதற்குள் ஆங்கில அகராதி பார்க்கப் பழக வேண்டும். அகராதியை அன்றே வாங்கிவிட்டேன்.

வகுப்பு தொடங்கிய முதல் நாள் கொஞ்சம் தாமதமாகப் போனேன், நியாலாஸ் பஸ் அப்படி. உள்ளே நுழைந்தால் முதல் வரிசையில் அந்தக் கல்லூரிப் பெண் உட்கார்ந்திருக்கிறார். கையில் புதுப் பென்சில். பக்கத்து இடம் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன்.

"என்னா தங்கச்சி, இங்கயும் சேர வேணாம்னு சொல்ல வந்தீங்களா?"

"வாங்கண்ணே. அக்காகிட்ட கேட்டாச்சா?"

"கேட்டாச்சி. நீங்க யாருகிட்ட கேட்டீங்க?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். இப்போது தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலந்து ஆறாக ஓடியது. கலக்காமல் பேசியதெல்லாம் சேர்த்து வைத்துப் பேசியது மாதிரி.

"அன்னைக்கு நீங்க போனீங்கல்ல, நான் ரொம்ப சந்தோசமா ஒக்காந்திருந்தேன்லா. ஒரு ஆள காப்பாத்திட்டோம்னு. ஒரு மணி நேரம் கழிச்சி ஒரு சீனப் பையன் வந்தான். காலேஜ் சீட் கெடைக்கல, இந்த கோர்ஸ் வேணும்னான். போஸ் பக்கத்துலயே இருக்காரு. அவன்கிட்ட இங்கிலீஸ் இல்லாட்டி மலாய்தான் பேசணும். என்னாத்த சொல்றது? ஒன்னும் சொல்ல முடியல. நான்தான் பேனா எடுத்துக் குடுத்தேன். சைன் பண்ணிட்டான். அவன் தேங்க்யூன்னு சொன்னான்ணே எனக்கு."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா. எனக்கு ஒக்கார முடியல. தமிழாளுக்கு மட்டும் சிரிச்சிக்கிட்டே சொல்லுவேன், மத்தவனுக்குப் பேனா குடுப்பேனா? மறுநாள் பாரத்துல இருந்த அட்ரச பாத்து, லன்ச் டைம்ல அவன் வீட்டுக்கே போயிட்டேன். அவங்க அம்மா மொதல்ல என்னைய எதையோ விக்க வந்த ஆளுன்னு நெனச்சி வெரட்டுனாங்க. வெளிய நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். சாயங்காலம் வந்து போஸ்கிட்டயும் சொல்லிட்டு வேலைய விட்டுட்டேன்."

"போஸ் திட்டுனாரா?"

"இல்லண்ணே. அந்தப் பையன் கட்டுன காச திருப்பிக் குடுத்துட்டாரு. எனக்கு ஒரு பெட்டி சோயாப் பால் குடுத்தாரு."

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முன்னால் நின்ற புவான் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் குனிந்துகொண்டு, பின்னால் பாருங்க என்று கண்ணைக் காட்டினார். கடைசி மேசையில் கண்ணாடி போட்ட ஓர் ஒல்லிப் பையன் இரண்டு பாகத்தையும் ஒரே சமயத்தில் விரித்து வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தான். நாங்கள் பார்த்ததும் கையை ஆட்டினான்.

அந்த ஒரு வருடம்போல் சந்தோஷமாக நான் இருந்ததில்லை. வாரநாளில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன், சனி ஞாயிறு மாடியேறுவேன். நாங்கள் மூன்று பேரும் ஒரே மேசைக்கு மாறிக்கொண்டோம். நான் எழுத்தைப் படிப்பேன், அந்தப் பையன் ஆங்கிலம் சொல்வான், அந்தப் பெண் எண்ணைத் தேடிப் பிடிப்பார். வகுப்பில் எல்லாரும் எனக்கும் அவருக்கும் கல்யாணம் ஆகப் போகிறது என்று பேசிக்கொண்டார்கள். அவருக்கு ஏற்கெனவே கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருந்தது. புருஷன் பகல், இரவு என்று ஷிப்ட் மாறி மாறி வேலை பார்த்தவர், ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து தையல் கடை வாசலில் நிற்பார். எங்களுக்குக் கறிபஃப் வாங்கி வருவார்.

முடித்ததும் எங்கள் மூன்று பேருக்கும் மூன்று இடத்தில் வேலை கிடைத்தது. எனக்குக் கிடைத்தது ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவு அறையில். முதல் மாதம் அக்கா வந்து பார்த்துவிட்டுப் போனது. சுற்றிலும் கூரை வரை கோப்புகள், நடுவில் நான், என் மேசையில் இரண்டு பாகங்கள். ஓடுவதற்கு இடமே இல்லை என்று சொல்லிவிட்டுத் திருப்தியாகப் போனது. நான் ஓடவில்லை. இன்றைக்கும் அதே வேலைதான், மருத்துவமனைதான் இரண்டு முறை மாறியிருக்கிறது. டாக்டர்களை எழுப்பிக் கேட்டு நிறையத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

இப்போது பலரும் என்னிடம், பிள்ளையை எந்தப் பயிற்சியில் சேர்க்கலாம் என்று கேட்கிறார்கள். எந்தப் புத்தகம் வைத்திருக்கிறார்கள், கற்றுக்கொடுப்பவர் அந்த வேலையைச் செய்தவரா, அங்கே முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள் என்பேன். அதெல்லாம் எனக்கு ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சோயாப் பால் குடிக்கும் நேரத்தில் கிடைத்த அறிவு. ஆனால் அந்தப் பெண்ணை நினைக்கும்போது என் நினைவுக்கு முதலில் வருவது அந்த மேசை இல்லை. நான் கண்ணால் பார்க்காத ஒரு வாசல். தன்னை விரட்டும் ஒரு தாய்க்கு முன்னால், வெயிலில், அவர் நகராமல் நின்றுகொண்டிருக்கிறார். எனக்கு நல்லது சொல்ல அவருக்குக் கொஞ்சம் தமிழ் போதுமாக இருந்தது. அந்தத் தமிழ் எட்டாத ஒருவரைத் தேடி அவர் நடந்து போனதைத்தான் நான் இன்று வரை என்னால் முடிந்த அளவுக்குச் செய்து பார்க்க முயல்கிறேன்.